விலகிப் போனவர்களையும் விடாமல் எழுதிய ரப்பி

1743 ஜூன் மாதம். நியூயார்க்கில் இருந்த அபிகேல் ஃபிராங்க்ஸ், லண்டனில் வியாபாரம் பார்த்துவந்த மூத்த மகன் நஃப்தலிக்கு ஒரு கடிதம் எழுதினார். வழக்கமாக அவர் கடிதங்களில் படித்த புத்தகம், ஊர் அரசியல், சொந்தக்காரர் சேதி எல்லாம் கலந்து வரும். இந்த முறை வந்தது வீட்டில் இடி விழுந்த சேதி. மகள் ஃபிலா சில மாதங்களுக்கு முன்பே ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டுவிட்டாள். மாப்பிள்ளை ஆலிவர் டிலான்சி, ஊரில் செல்வாக்கான கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. கல்யாணம் ஆன பிறகும் பெண் ஒன்றும் நடக்காததுபோல் பெற்றோர் வீட்டிலேயே இருந்திருக்கிறாள். பிறகு ஒருநாள் கணவன் வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பா ஜேக்கப் ஃபிராங்க்ஸ் நியூயார்க் யூதர்களின் தொழுகைக்கூடத்தில் முன்னணியில் நின்றவர். அவர்கூடக் கொஞ்சம் இறங்கிவரத் தயாராக இருந்தார். அபிகேல் மகளின் முகத்தைப் பார்க்க மறுத்துவிட்டார். அதே ஆண்டில் இன்னொரு பிள்ளை டேவிட்டும் பிலடெல்பியாவில் ஒரு கிறிஸ்தவப் பெண்ணை மணந்தான்.

‘தலைமுழுகிவிட்டோம்’ என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அப்படித் தலைமுழுகப்பட்ட பெண்ணின் பெயர் குடும்பக் கொடிவழியில் பெரும்பாலும் இருக்காது. அடித்துவிடுவார்கள், அல்லது எழுதவே மாட்டார்கள். ஆனால் 1960-ல் சின்சினாட்டி நகரில் அச்சாகி வந்த ஒரு பெரிய வம்சாவளித் தொகுப்பில் ஃபிலா இருக்கிறாள், கணவன் பெயரோடு. தொகுத்தவர் ஒரு யூத மதகுரு, அதாவது ரப்பி. பெயர் மால்கம் ஹென்றி ஸ்டெர்ன்.

அந்தப் புத்தகத்தின் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘யூத வழிவந்த அமெரிக்கர்கள்’ என்று வரும். ‘அமெரிக்க யூதர்கள்’ என்று அவர் வைக்கவில்லை. அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் அவருடைய வேலை முழுக்க அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். மதத்தில் தங்கியவர்களை மட்டும் எழுதியிருந்தால் அது ஒரு சபையின் உறுப்பினர் பட்டியலாக நின்றிருக்கும். தங்கியவர், போனவர், போனவரின் பேரப்பிள்ளைகள் என்று எல்லாரையும் சேர்த்ததால்தான் அது ஒரு சமூகத்தின் வரலாறாக ஆனது. அதைச் செய்தவர், வாரந்தோறும் மேடையேறி அந்த மதத்தைப் பிரசங்கித்த ஒருவர்.

ஸ்டெர்ன் பிறந்தது 1915 ஜனவரி 29, பிலடெல்பியாவில். அங்கேயே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, சீர்திருத்த யூத மரபின் குருத்துவப் பள்ளியான சின்சினாட்டி ஹீப்ரூ யூனியன் கல்லூரியில் சேர்ந்தார். 1941-ல் ரப்பி ஆனார். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவ விமானப்படையில் மதகுருவாக வேலை பார்த்தார். 1947 முதல் 1964 வரை வர்ஜீனியா மாநிலத்தின் துறைமுக நகரமான நார்ஃபோக்கில், ஓஹெஃப் ஷாலோம் கோயிலின் ரப்பி. பிறகு நியூயார்க்குக்குப் போய், சீர்திருத்த ரப்பிகளின் மைய அமைப்பில் 1980 வரை ஒரு விசேஷமான பொறுப்பு: எந்த ஊர்ச் சபைக்கு எந்த ரப்பி பொருந்துவார் என்று பார்த்து அனுப்பிவைக்கும் வேலை. ஒரு வகையில் கல்யாணத் தரகர் வேலைதான். நூற்றுக்கணக்கான ஊர்கள், ஆட்கள், குணங்கள், குடும்பங்கள், எல்லாம் தலைக்குள் இருக்கவேண்டும்.

வம்சாவளி வேலை இதற்கெல்லாம் நடுவில் நடந்தது. அதற்குப் பின்னால் இருந்த பெரிய மனிதர் ஜேக்கப் ராடர் மார்கஸ். ஹீப்ரூ யூனியன் கல்லூரியின் வரலாற்றுப் பேராசிரியர். 1947-ல் அந்தக் கல்லூரி வளாகத்திலேயே அமெரிக்க யூத ஆவணக்காப்பகத்தைத் தொடங்கினார். ஐரோப்பாவின் யூத நூலகங்களும் தொழுகைக்கூடங்களும் எரிந்து இரண்டு மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவில் பரணிலும் பெட்டியிலும் கிடக்கும் காகிதங்களையாவது காப்பாற்றவேண்டும் என்ற வேகம். அந்தக் காப்பகத்தின் வம்சாவளி ஆய்வாளராக, 1950-ஐ ஒட்டி, மார்கஸின் பழைய மாணவர் ஸ்டெர்ன் பொறுப்பேற்றார். நார்ஃபோக்கில் இருந்துகொண்டே, ரப்பி உத்தியோகத்தோடு சேர்த்து.

ஒரு வரலாற்றாசிரியருக்கு வம்சாவளி எதற்கு? இந்தக் கேள்விக்கான பதில் அமெரிக்காவின் ஒரு விநோதத்தில் இருக்கிறது. அங்கே பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790-ல் தொடங்கியது. வீட்டு வாசலில் வந்து கேட்கும் அந்தக் கேள்விகளில் மதம் என்ற கேள்வி ஒருமுறைகூட இடம்பெற்றதில்லை. அதனால் யூதர் எத்தனை பேர், யாரை மணந்தார்கள், எத்தனை பிள்ளைகள், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனார்கள் என்று அரசாங்கப் புள்ளிவிவரத்தைப் புரட்டித் தெரிந்துகொள்ள வழியில்லை. 1790-ல் நாடு முழுக்க ஆயிரத்து ஐநூறு யூதர் இருந்திருந்தால் அதிகம். அரசாங்கம் எண்ணாத ஒரு சிறு கூட்டத்தை எண்ணவேண்டுமானால் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித்தான் எண்ணவேண்டும்.

ஸ்டெர்ன் அதைத்தான் செய்தார். தனக்கு ஒரு எல்லை போட்டுக்கொண்டார்: தொடக்கம் 1654, 1840-க்குள் அமெரிக்காவில் காலூன்றிய யூதக் குடும்பங்கள், அவர்களின் வழிவந்தவர்களை முடிந்தவரை இன்றுவரை.

1654 ஏன் என்றால், பிரேசிலில் டச்சுக்காரர் வசமிருந்த ரெசிஃபே நகரைப் போர்ச்சுகீசியர் திரும்பப் பிடித்த ஆண்டு அது. போர்ச்சுகீசியர் வந்தால் கத்தோலிக்கத் திருச்சபையின் மதவிசாரணை மன்றமும் கூடவே வரும் என்று யூதர்கள் ஓடினார்கள். அப்படி ஓடியவர்களில் 23 பேர் நியூ ஆம்ஸ்டர்டாமில், அதாவது இன்றைய நியூயார்க்கில், கரையிறங்கினார்கள். அந்த ஊர் ஆளுநர் பீட்டர் ஸ்டைவெசன்ட் அவர்களை வெளியேற்றப் பார்த்தார். ஆம்ஸ்டர்டாமில் இருந்த டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் தலைமை 1655-ல் அதை மறுத்துவிட்டது. அந்த 23 பேரிலிருந்து, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து லட்சலட்சமாக வந்தவர்களுக்கு முந்தைய தலைமுறைகள் வரை நீள்கிறது ஸ்டெர்னின் தொகுப்பு. நியூயார்க், நியூபோர்ட், பிலடெல்பியா, சார்ல்ஸ்டன், சவானா என்று ஐந்து துறைமுகங்களைச் சுற்றியே ஆரம்ப காலக் குடும்பங்கள் இருந்தன. ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து, பெண் எடுத்து, இரண்டு தலைமுறைக்குள் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். சுதந்திர தேவி சிலையின் பீடத்தில் பொறித்த கவிதையை எழுதிய எம்மா லாசரஸின் அம்மாவும், உச்ச நீதிமன்ற நீதிபதி பெஞ்சமின் கார்டோசோவின் அம்மாவும் ஒரே நேத்தன் குடும்பத்துப் பெண்கள்.

சவானாவைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஜார்ஜியா குடியேற்றம் தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை; 1733 ஜூலை 11 அன்று லண்டனிலிருந்து ஒரு கப்பலில் நாற்பதுக்கு மேற்பட்ட யூதர்கள் வந்து இறங்கினார்கள். போர்ச்சுகலின் மதவிசாரணையிலிருந்து தப்பியவர்கள் பாதிக்குமேல். அவர்களில் ஒருவர் சாமுவேல் நூனெஸ் என்ற மருத்துவர். ஊரில் காய்ச்சல் பரவி ஆட்கள் செத்துக்கொண்டிருந்த நேரம். அவர் வந்து சேர்ந்தது ஊருக்கே உதவியது. அதே கப்பலில் பிரஷ்யாவிலிருந்து போன பெஞ்சமின் ஷெஃப்டால் என்பவரும் இருந்தார். வந்தவர்களின் பெயர், பிறகு பிறந்த குழந்தைகள், இறந்தவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள் என்று அவர் குறித்துவைத்தார். அவருக்குப் பிறகு மகன் லீவை ஷெஃப்டால் தொடர்ந்தார். அப்பாவும் பிள்ளையுமாக 1733-லிருந்து 1808 வரை ஒரு ஊர்ச் சமூகத்தின் பிறப்பு இறப்புப் பதிவேடு, எந்த அதிகாரியும் கேட்காமல், ஒரு வீட்டு நோட்டில். அந்த நோட்டை 1965-ல் சரிபார்த்துப் பதிப்பித்தவர் ஸ்டெர்ன்தான்.

எல்லா ஊரிலும் ஷெஃப்டால் இருக்கமாட்டார் அல்லவா? மற்ற இடங்களில் துண்டுதுண்டாகச் சேர்க்கவேண்டும். உயில்கள். தொழுகைக்கூட நிர்வாகக் கூட்டக் குறிப்புகள். ‘கெத்துபா’ என்ற திருமண ஒப்பந்தம். ஆண் குழந்தைகளுக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்பவர், தான் செய்த ஒவ்வொரு குழந்தையையும் தகப்பன் பெயரோடு குறித்துவைத்த சிறு புத்தகம். இந்தக் கடைசி ஆவணம் அருமையானது, ஆனால் அதில் ஆண் பிள்ளைகள் மட்டும்தான். பெண் பிள்ளைகளின் பிறப்பு எங்கும் பதிவாகாமலே போய்விடும். கெத்துபாவில் மணமகளின் தகப்பன் பெயர் இருப்பதால், ஒரு பெண் முதன்முதலாக ஆவணத்தில் தலைகாட்டுவதே கல்யாணத்தன்றுதான் என்று ஆகிவிடுகிறது. எங்கள் வீட்டுக் கொடிவழியை எழுத உட்கார்ந்தபோது, என் கொள்ளுத்தாத்தாவுக்கு முந்திய நான்கு ஆண்களின் பெயரை ஒப்பித்த பெரியப்பாவால் ஒரு கொள்ளுப்பாட்டியின் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை. அதனால் இந்தப் பிரச்சினை எவ்வளவு பெரியது என்று எனக்குப் புரிகிறது.

அப்புறம் கல்லறைக் கற்கள். யூதக் கல்லறைக் கல் ஒன்று வம்சாவளி ஆய்வாளருக்குக் கொடுப்பதைப் போல வேறெதுவும் கொடுப்பதில்லை. எபிரேயப் பகுதியில் இறந்தவரின் பெயரோடு தகப்பன் பெயரும் இருக்கும்: இன்னாரின் மகன் இன்னார், இன்னாரின் மகள் இன்னார். ஆக ஒரு கல்லில் இரண்டு தலைமுறை. ஆசீர்வாதம் சொல்வதுபோல் விரித்த இரண்டு கைகள் செதுக்கியிருந்தால் அவர் ‘கோஹென்’, அதாவது பழைய ஜெருசலேம் ஆலயத்தின் குருக்கள் வழி. நீர்க்குடம் இருந்தால், ஆலயத்தில் குருக்களுக்கு உதவிய ‘லேவி’ வழி. இரண்டுமே தகப்பன் வழியில் வருவதால், கல்லில் உள்ள சித்திரமே ஒரு சாட்சி.

தேதி எழுதுவது எழுத்துகளில். எபிரேயத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் மதிப்பு உண்டு. நம் பழைய பத்திரங்களில் க என்றால் ஒன்று, உ என்றால் இரண்டு என்று வருவது நினைவுக்கு வரலாம். தாவ் 400, ஷின் 300, நூன் 50, தாலெத் 4 என்று நான்கு எழுத்து செதுக்கியிருந்தால் கூட்டி 754. ஆயிரத்தை எழுதாமல் விட்டுவிடும் வழக்கத்தால் அது 5754. அந்த 754-உடன் 1240-ஐக் கூட்டினால் 1994 கிடைக்கும். யூதப் புத்தாண்டு செப்டம்பர் வாக்கில் பிறப்பதால், அதற்கும் டிசம்பருக்கும் இடைப்பட்ட தேதியானால் ஒன்று குறைக்கவேண்டும். இது தெரியாமல் கல்லைப் படிப்பவர் ஒரு வருடம் தவறி, அந்த ஒரு வருடத்தால் தவறான ஆளைப் பிடித்துவிடுவார்.

பெயர் வைக்கும் வழக்கமும் ஒரு சாவி. ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த செபார்டிக் யூதர்கள், தாத்தா உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். நம் மொழியில் பேரன் என்ற சொல்லே ‘பெயரன்’ என்பதிலிருந்து வந்ததுதான், எனவே இது நமக்குச் சட்டென்று விளங்கும். ஜெர்மனி, போலந்து வழிவந்த அஷ்கெனாசி யூதர்களோ இறந்துபோனவர் பெயரைத்தான் வைப்பார்கள். உயிரோடு இருக்கும் தாத்தாவின் பெயரை வைப்பது ஆகாது. ஆகவே ஓர் அஷ்கெனாசி வீட்டில் 1790-ல் ஒரு குழந்தைக்குத் தாத்தா பெயர் வைத்திருந்தால், அந்தத் தாத்தா அதற்குள் இறந்திருப்பார் என்று ஊகிக்கலாம். இறப்புப் பதிவு கிடைக்காத இடத்தில் பேரனின் பிறப்பே தாத்தாவின் இறப்புக்குத் துப்பு.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இதையெல்லாம் கடிதம் எழுதி, பதிலுக்குக் காத்திருந்து, ஒன்றோடொன்று ஒத்துப்பார்த்துச் சேர்த்ததன் விளைவுதான் 1960-ஆம் ஆண்டுத் தொகுப்பு. சுமார் 25,000 பேர். அதை விரித்து 1978-ல் 600 குடும்பக் கொடிவழிகளாக மறுபடி வெளியிட்டார். 1991-ல் மூன்றாம் பதிப்பு, 1988 வரையிலான விவரத்தோடு. பெயர்கள் அதற்குள் ஏறக்குறைய இரட்டிப்பு.

இந்தப் பெயர்களை எண்ணாக மாற்றியபோதுதான் அதன் பலன் தெரிந்தது. 1776 முதல் 1840 வரை நடந்ததாகத் தன் ஆவணங்களில் இருந்த யூதர் திருமணங்களை ஸ்டெர்ன் எடுத்துக் கணக்கிட்டு, 1967-ல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அவற்றில் 28.7 சதவீதம் யூதரல்லாதவரோடு நடந்தவை. பத்துக்கு ஏறக்குறைய மூன்று. கலப்புத் திருமணம் இருபதாம் நூற்றாண்டில் வந்த புது வியாதி, முன்னோர்கள் கட்டுக்கோப்பாக இருந்தார்கள் என்று மேடைக்கு மேடை பேசிக்கொண்டிருந்த காலம் அது. குடியரசு பிறந்த காலத்திலேயே நிலைமை இதுதான் என்று சொன்னவர் ஒரு ரப்பி. அவரிடம் பெயர் பெயராக ஆதாரம் இருந்தது. விலகிப்போனவர்களை முதலிலேயே பட்டியலிலிருந்து நீக்கியிருந்தால் இந்தக் கணக்கே போட்டிருக்க முடியாது. இன்றுவரை ஆரம்பகால அமெரிக்க யூதர் பற்றி எழுதுகிற வரலாற்றாசிரியர்கள் எடுத்தாளும் எண் அது.

ஃபிராங்க்ஸ் குடும்பத்துக்கு ஒரு நிமிடம் திரும்பலாம், ஏனென்றால் அந்த மரத்தின் ஒரு வேர் நம் ஊர்க் கடற்கரை வரை வருகிறது. ஜேக்கப்பின் சகோதரர்கள் ஐசக்கும் ஆரனும் லண்டனில் வைர வியாபாரிகள். மத்தியதரைக் கடல் பவளத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் மெட்ராஸுக்கு அனுப்பி, பதிலுக்குக் கோல்கொண்டா பக்கத்து வைரக் கற்களை வரவழைத்த யூத வியாபாரிகளில் முக்கியமானவர்கள். செயின்ட் ஜார்ஜ் கோட்டையை ஒட்டி அதற்கு முன்பே, 1680-களில், போர்ச்சுகீசிய வழி யூத வணிகர்கள் வந்து தங்கியிருந்தார்கள். நியூயார்க்கில் ஒரு தாய் மகளை நினைத்து அழுத அதே ஆண்டுகளில், அந்தக் குடும்பத்தின் பணம் மெட்ராஸ் கடலில் மிதந்துகொண்டிருந்தது. இப்படிப்பட்ட இணைப்புகளை அரசியல் வரலாறு காட்டாது. யார் யாருக்கு அண்ணன், யார் யாருக்கு மாப்பிள்ளை என்று எழுதிவைத்த காகிதம்தான் காட்டும். அந்தக் காலத்தில் கடனும் சரக்கும் நம்பிக்கையும் சொந்தத்தின் வழியாகத்தான் கடல் தாண்டின.

1840 என்ற எல்லைக்கு ஒரு விலையும் இருந்தது. இன்றைய அமெரிக்க யூதர்களில் மிகப் பெரும்பாலோர் 1881-க்கும் 1924-க்கும் இடையில் ரஷ்யப் பேரரசு, ருமேனியா, ஆஸ்திரிய கலீசியா போன்ற இடங்களிலிருந்து வந்த இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் வாரிசுகள். தையல்காரர், கூடைவியாபாரி, சுருட்டுத் தொழிலாளி. ஸ்டெர்னின் தொகுப்பில் அவர்கள் தாத்தா பாட்டி இருக்க வாய்ப்பில்லை. 1971-ல் பழைய செபார்டிக் குடும்பங்களின் பெருமையைப் பற்றி வந்து பரவலாக விற்ற ஒரு நூல், ஸ்டெர்னின் தொகுப்பைக் காட்டித்தான் தொடங்கியது. படித்தவர்களுக்கு வம்சாவளி என்பது பெரிய வீட்டுக்காரர்களின் சமாச்சாரம் என்று தோன்றியிருந்தால் ஆச்சரியமில்லை.

அந்த எண்ணத்தை உடைத்ததிலும் ஸ்டெர்னுக்குப் பங்கு உண்டு; எனக்கு அவர்மேல் மரியாதை கூடுவது இங்கேதான். 1977 ஜனவரியில், அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஓர் ஆப்பிரிக்கரின் வழிவந்த குடும்பத்தின் கதை தொலைக்காட்சியில் எட்டு இரவு ஓடி, நாடே தன் தாத்தாவைத் தேட ஆரம்பித்தது. அதே ஆண்டு நியூயார்க்கில் யூத வம்சாவளிச் சங்கம் தொடங்கப்பட்டபோது தொடங்கியவர்களில் ஸ்டெர்னும் ஒருவர். ஐம்பது பேருக்குமேல் சேர்க்காத, வாழ்நாள் கௌரவமாகக் கருதப்படும் அமெரிக்க வம்சாவளி அறிஞர் கழகத்தில் அவர் உறுப்பினர். அப்படிப்பட்டவர், தாத்தாவின் ஊர்ப் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத புதியவர்களோடு உட்கார்ந்தார்.

அவர்களுக்கு அப்போது சொல்லப்பட்டது, தேடி என்ன பயன், எல்லாம் ஹிட்லர் காலத்தில் எரிந்துபோயிற்று என்பதுதான். அது உண்மையில்லை என்று சிறிதுசிறிதாகத் தெரிந்தது. போலந்தின் ரஷ்ய ஆட்சிப் பகுதியில் 1826 முதல் யூதர்களுக்கென்று தனிப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் இருந்தன. 1868 வரை போலிஷ் மொழியில், பிறகு ரஷ்ய மொழியில். அவற்றில் ஏராளமானவை தப்பியிருந்தன. தங்கள் சொந்த மதக் காரணங்களுக்காக உலகத்தின் பதிவேடுகளைப் படமெடுத்துவந்த யூட்டா மாநில மோர்மன் சபையினர் 1968-லிருந்து போலந்தில் படமெடுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு யூதப் பாட்டியின் பிறப்புப் பதிவு சால்ட் லேக் சிட்டியில் ஒரு படச்சுருளில் கிடைப்பது எவ்வளவு விசித்திரம்! சோவியத் யூனியன் உடைந்தபிறகு அங்குள்ள ஆவணக்காப்பகங்களும் திறந்தன.

பதிவேடு கிடைத்தாலும் பெயர் சிக்கல் தீராது. கிழக்கு ஐரோப்பாவின் யூதர்கள் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்பதே அரசாங்கம் திணித்த ஒன்று. ஆஸ்திரியப் பேரரசில் 1787-ல் ஆணை வந்தது, ரஷ்யாவில் 1804-ல். அதற்குமுன் அவர்களும் நம்மைப் போலத்தான்: தன் பெயர், தகப்பன் பெயர், தேவைப்பட்டால் ஊர்ப் பெயர். எனவே 1800-க்கு முந்தைய காலத்துக்குப் போகப்போகத் தேடுவதற்குக் குடும்பப் பெயர் என்ற கைப்பிடியே இருக்காது. இருக்கும் பெயரும் ஊருக்கு ஊர் எழுத்து மாறும். ஒலி ஒத்த பெயர்களை ஒரே எண்ணில் சேர்க்க அமெரிக்க அரசு பயன்படுத்திய பழைய ஒலிக்குறியீட்டில் மோஸ்கோவிட்ஸ் என்பதை ஆங்கில ‘டபிள்யூ’ போட்டு எழுதினால் எம்232, ‘வி’ போட்டு எழுதினால் எம்213. காதுக்கு ஒரே பெயர், அட்டவணையில் இரண்டு மூலை. 1985-ல் கேரி மொகோடாஃப், ராண்டி டெய்ட்ச் என்ற இரண்டு வம்சாவளி ஆய்வாளர்கள் ஸ்லாவிய மொழிகளின் உச்சரிப்புக்கும், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான யித்திஷின் உச்சரிப்புக்கும் ஏற்ற புதிய குறியீட்டை உருவாக்கினார்கள். அதில் இரண்டு மோஸ்கோவிட்ஸும் 645740 என்ற ஒரே எண்ணில் வந்து நிற்கிறார்கள். மொகோடாஃப் இதற்கு வந்த வழி, பிரிட்டிஷ் ஆட்சிக்கால பாலஸ்தீனத்தில் சட்டப்படி பெயர் மாற்றிக்கொண்ட சுமார் 28,000 பேரின் பட்டியலை அட்டவணைப்படுத்தியது.

நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் இறங்கியபோது குடியேற்ற அதிகாரி எங்கள் பெயரை மாற்றிவிட்டார் என்று ஆயிரம் குடும்பங்கள் சொல்லும் கதையையும் இந்த ஆய்வாளர்கள் பொறுமையாகத் திருத்திவருகிறார்கள். அதிகாரிகள் பெயர் எழுதவில்லை. கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில் தயாரான பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் அந்தக் குடும்பத்தினரே, பிறகு, வேலைக்காகவோ பள்ளிக்காகவோ.

பலருடைய மரத்தில் ஒரு முழுக் கிளை 1942 என்ற ஒரே ஆண்டில் முடிகிறது. பெரியம்மா, அவர் கணவர், ஐந்து பிள்ளைகள், பேரக்குழந்தைகள், எல்லாருக்கும் ஒரே இறந்த ஆண்டு. தேதி தெரியாது, கல்லறை கிடையாது. ஜெருசலேமின் யாத் வஷேம் நினைவகம் 1950-களிலிருந்து ‘சாட்சிப் பக்கம்’ என்ற ஒற்றைத் தாள் படிவத்தை நிரப்பி வாங்கிவருகிறது: பெயர், பெற்றோர் பெயர், பிறந்த ஊர், தொழில், கடைசியாக இருந்த இடம், நிரப்புபவருக்கு என்ன உறவு. அந்தப் படிவங்களோடு வேறு ஆவணங்களையும் சேர்த்து, நாஜிகள் கொன்ற அறுபது லட்சம் யூதர்களில் சுமார் ஐம்பது லட்சம் பேரின் பெயர் இதுவரை திரட்டப்பட்டிருக்கிறது. அந்தத் தாளை நிரப்புவதற்குத் தேவையான அதே விவரங்கள்தான் ஒரு கொடிவழிக்கும் தேவை.

ஸ்டெர்னின் காலத்து மரங்கள் எட்டாத இடங்களையும் சொல்லவேண்டும். நியூயார்க்கில் பிளான்ச் மோசஸ் என்ற பெண்மணி தன் குடும்பப் பொருட்களைக் கவனமாகக் காத்துவைத்திருந்தார். தன் பாட்டி சாரா, பாட்டியின் அண்ணன் ஐசக் ஆகியோரின் உருவம் தந்தத்தில் தீட்டிய சின்னஞ்சிறு ஓவியங்களும் அவற்றில் உண்டு. அந்த இருவரும் கரீபியத் தீவான பார்படோஸில் செபார்டிக் பிரபு வீட்டுப் பிள்ளைகள் என்று அவர் நம்பினார். ஆனால் அவர்களின் பின்னணியை அவரால் தொட முடியவில்லை. காரணம் பிற்கால ஆய்வில்தான் முழுதாக வெளிவந்தது: சாராவும் ஐசக்கும் பிரிட்ஜ்டவுனில் அடிமைகளாகப் பிறந்தவர்கள். விடுதலை பெற்று, சுரிநாமில் யூதச் சபையில் முறைப்படி ஏற்கப்பட்டு, நியூயார்க் வந்து அந்தச் சமூகத்தின் முதல் வரிசைக் குடும்பங்களில் கலந்தார்கள். மதம் மாறிப்போனவர்களைச் சேர்க்க ஒரு ரப்பிக்கு மனம் இருந்தது. ஆனால் அடிமையாகப் பிறந்த தாயின் பெயரை எழுதிவைக்கும் ஆவணமே பல இடங்களில் உருவாகவில்லை. அந்தக் கிளைகளைத் தேடும் வேலை இப்போதுதான் சூடுபிடிக்கிறது.

1994 ஜனவரி 5 அன்று நியூயார்க்கில் ஸ்டெர்ன் காலமானார். எழுபத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு இருபத்து நான்கு நாள் இருந்தது. இணையம் வீடுகளுக்குள் வரத் தொடங்கியிருந்த நேரம். அடுத்த பத்தாண்டில் அவருடைய துறையே அடையாளம் தெரியாமல் மாறப்போவதை அவர் பார்க்கவில்லை. யூத வம்சாவளிச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு இன்று வம்சாவளித் திட்டங்களுக்குக் கொடுக்கும் நல்கை அவர் பெயரில் இருக்கிறது. அமெரிக்க வம்சாவளிச் சங்கங்களின் பொதுக் கூட்டமைப்பும், யூதரல்லாதவர்களே பெருவாரியாக இருந்த அமைப்பு அது, ஒரு மனிதநேய விருதை அவர் பெயரில் ஏற்படுத்தியது.

சின்சினாட்டி ஆவணக்காப்பகம் அவருடைய கடைசிப் பதிப்பின் குடும்பப் பக்கங்களை யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. ஃபிராங்க்ஸ் பக்கத்தைத் திறந்தால் ஜேக்கப்புக்கும் அபிகேலுக்கும் கீழே பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். லண்டனுக்குப் போன நஃப்தலி, பிலடெல்பியாவுக்குப் போன டேவிட். அதே வரிசையில், அம்மா பார்க்க மறுத்த ஃபிலாவும், பக்கத்திலேயே ஆலிவர் டிலான்சியும்.